குட்டியானைக்குக் கண்ணுப்பொரை எடுத்த பழனியம்மா

இந்த பேக்கரில உக்காந்து நான் சொல்லப்போறது அத்தனையும் நெசமுங்க. பொய் சொன்னா ஆயுசுக்கும் இதே டீயக் குடிக்கறேன், அதவிடத் தண்டனை உண்டுங்களா? சரி, ஒண்ணு ரெண்டு எடத்துல கொஞ்சம் இழுத்திருப்பேன். பனியன் ஊர்ல பொறந்தவன் நாயம் இழுபடாம இருக்குமா? இழுபடுமே தவிர கிழியாதுங்க.

நம்ம பழனியம்மாளத் தெரியுமல்லோ? குண்டடத்துப் பக்கம் நூல்மில்லுல பதினாறு வருசம் நின்னு, மிசின் சத்தத்துல பாதிக் காது அடைச்சுப்போயி, திருப்பூர் வந்து லைசென்ஸ் எடுத்து, குட்டியானைங்கற சின்ன லோடு வண்டி, பழசு ஒண்ண ஓட்டுது. கம்பெனில வெட்டுன பீஸ ஏத்திட்டுப் போயி, ஊட்டுல மிசின் போட்டுத் தைக்கறவங்களுக்கு எறக்கோணும். தைச்சத அள்ளிட்டு வரோணும். அது ஹாரன் அடிச்சா பல்லடத்துல கோழி முட்டை போடும். தனக்குக் கேக்கலீன்னு ரெண்டாவது அடிக்கும், கோழியும் ரெண்டாவது போடும்.

அந்த வண்டி முன்லைட்டு ரெண்டும் மஞ்சப் பூத்துப்போச்சுங்க, பொரை உழுந்த கெழட்டு யானையாட்டம். பூச்சி வந்து எட்டிப் பாத்துட்டு, "கரண்டு போச்சுங்களா"ன்னு கேட்டுட்டுத் திரும்பிரும்.

வண்டி ரோட்டுல ஓடத் தகுதின்னு காகிதம் வாங்க வெள்ளிக்கெழமை எஃப்.சி.க்குப் போச்சு. பிரேக் இன்ஸ்பெக்டரு தன்மையாத்தான் சொன்னாரு. "மத்ததெல்லாம் சரிம்மா. லைட்டுல வெளிச்சம் வரலை. சரி பண்ணிட்டுத் திங்கக்கெழமை வாங்க."

கம்பெனி மேனேஜரு அப்படிச் சொல்லலை. "திங்கக்கெழமை மத்தியானத்துக்குள்ள எஃப்.சி. காகிதம் இல்லீன்னா, ட்ரிப்பு காசிமாயனுக்குப் போயிருமுங்க." காசிமாயன்னா, இதா மூலைல வடை திங்கறாரே, மதுரப் பக்கத்துக்காரரு, அவருதான். அவருக்கும் குட்டியானைதான்.

புது லைட்டுக்குக் கடைல கேட்டா புதங்கெழமைதான் வருமாம். "புதங்கெழமை வந்து என்னத்துக்கு? இருக்கற கண்ணையே தொறக்கறேன்"னு பழனியம்மா வாட்டர் பேப்பர் வாங்கியாந்துச்சு. தண்ணி தொட்டுத் தேய்க்கற உப்புத்தாளுங்க. நானூறு, ஆயிரம், ரெண்டாயிரம்னு மூணு நம்பர். செல்லுல பாத்த வீடியோ இந்தி. கை ஆடறது புரிஞ்சுது, எந்த நம்பர் முன்னன்னு புரியலை.

பழனியம்மா ஊட்டுக்காரரு முருகவேலு, எம்பக்கத்துல உக்காந்திருக்கறவரு, நிட்டிங் கம்பெனில துணி எடை பாக்கறவரு. அவருக்கு ஒலகமே ஜி.எஸ்.எம்.ங்கற துணி எடைக் கணக்குதான். நம்பர் ஏறுனா துணி தடிப்பு. சோறு கொழைஞ்சாக்கூட, "இன்னிக்கு நூத்தெம்பது ஜி.எஸ்.எம். வருது புள்ள"ம்பாரு.

"தள்ளு புள்ள, பெரிய நம்பர்தான் முரடு. ரெண்டாயிரத்துல தொடங்கி நானூறுல முடிக்கோணும்"னு சனிக்கெழமை பூராத் தேய்ச்சாரு. ஊத்துன தண்ணில நொய்யல்ல வெள்ளம் வந்துருச்சு. தொடைச்சுப் பாத்தா மஞ்ச போயிருந்துச்சு. அந்த எடத்துல இட்லித் துணியாட்டம் வெள்ளை. உள்ள பல்பு இருக்குதான்னே தெரியலை.

பழனியம்மா தாளு ஒவ்வொண்ணையும் கன்னத்துல உரசிப் பாத்துச்சு.

"ஏனுங்க, நானூறு தோலச் செதுக்குது. ரெண்டாயிரம் பட்டாட்டம் இருக்குது. இது உங்க துணி நம்பர் இல்லீங்க, எங்க மில்லு நூல் நம்பராட்டம். நாப்பதாம் கவுண்ட் இருபதவிட மெல்லிசல்லோ? தலைகீழாத் தேய்ச்சுட்டீங்க."

"அப்ப போச்சா?"

"போகலீங்க. மொதத் தாளு வேலை முடிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க. தண்ணி ஊத்துங்க."

ஞாயித்துக்கெழமை விடிஞ்சதும் உக்காந்துச்சு. ஆயிரத்தக் குறுக்க இழுத்துச்சு, ரெண்டாயிரத்த நெடுக்க இழுத்துச்சு. பழைய கீறல் மறையாம அடுத்த தாளத் தொடலை. வலக்கை தூக்க முடியாமப் போனதும் எடக்கைக்கு மாத்திருச்சு.

"விடு புள்ள, காசிமாயனே ஓட்டிட்டுப் போகட்டும்"னாரு முருகவேலு.

"இன்னொருக்கா அந்தப் பேர் வந்துதுன்னா, உங்க வாயையும் நானூறுல தேய்ப்பனுங்க."

பொழுது எறங்கையில பாலிஷ் பசைய பனியன் வேஸ்ட்டுல தொட்டு வட்ட வட்டமாத் தேய்ச்சு முடிச்சுது. ஒரு காக்கா வந்து அதுல மொகம் பாத்து, தலை சீவிட்டுப் போச்சு. காக்கா நெசமுங்க. சீப்புதான் நான் குடுத்தது.

திங்கக்கெழமை இன்ஸ்பெக்டரு லைட்டப் போடச் சொன்னாரு. செவுத்துல ரெண்டு வட்டம் பளிச்சுன்னு உழுந்துச்சு.

"புதுசு மாத்திட்டீங்களா?"

"இல்லீங்க சார், அதே கண்ணுதானுங்க."

பதினொன்னரைக்குக் காகிதம் மேனேஜரு மேசைல இருந்துச்சு. ட்ரிப்பு பழனியம்மாளுக்கே.

அவ்வளவுதான்னு நான் டீய எடுத்தேன். காசிமாயன் வடையக் கீழ வெச்சாரு.

"தேய்ச்சீக, சரி. மேல பூச்சு அடிச்சீகளா? அடிக்கல. இந்த வெயிலுக்கு அந்த லைட்டு மூணு மாசம் தாங்காது. அப்பறம் ட்ரிப்பு எனக்குத்தேன்."

"மஞ்சளானா மறுக்காத் தேய்ப்போம்"னாரு முருகவேலு.

"எந்த நம்பர்லருந்துண்ணே ஆரம்பிப்பீக?"

பேக்கரியே சிரிச்சுது. முருகவேலு எந்திரிச்சாரு. "ஏனுங்க, மரியாதியாப் பேசோணும்."

"அவரு கேட்டதுல என்னங்க தப்பு? கவுண்ட் தெரியாதவரு எதுக்குத் தாளத் தொடோணும்?"னாரு நூல் கடை செங்கோட்டையன்.

"அப்ப எங்க ஜி.எஸ்.எம். பொய்யா?"ன்னு பின்னாடி பெஞ்சுலருந்து நிட்டிங்காரங்க நாலு பேரு எந்திரிச்சாங்க. காசிமாயன் முருகவேலு சட்டையப் புடிச்சாரு, முருகவேலு அவரு வடைத் தட்டப் புடிச்சாரு. நடுவுல நானுங்க.