பதினாறாவது பெயர்

சித்ரலேகா சாஃப்ட்பால் பந்தை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. பெயரிலேயே மெத்தென்று இருக்கிறதே என்று நம்பி ஒற்றைக் கையால் பிடித்தாள். நடுவிரல் வீங்கி, ஒரு வாரம் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

திருநெல்வேலிக்கு மேற்கே, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் உள்ள பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அவள்தான் உடற்கல்வி ஆசிரியை. ஊருக்குத்தான் ஆசிரியை, காகிதத்தில் தற்காலிகம். பத்து வருடமாக நிர்வாகம் கொடுக்கிற சம்பளம். நிரந்தர இடத்தில் இருந்தவர் எப்போது ஓய்வு பெறுவார் என்று காத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் புதிய விளையாட்டுகளுக்கும் அணி சேர்க்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது. கபடியிலும் வாலிபாலிலும் பாளையங்கோட்டைப் பெரிய பள்ளிகளை அசைக்க முடியாது. யாரும் அதிகம் ஆடாத ஒன்றை எடுத்தால் நாலு கோப்பை வரும், நிர்வாகத்தின் கண்ணில் படலாம். அப்படி யோசித்துத்தான் சாஃப்ட்பாலை எடுத்தாள். அந்த விளையாட்டின் மேல் பிரியம் பிறகுதான் வந்தது.

முதல் நாள் மைதானத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி ஹம்னா. ஒன்பதாம் வகுப்பு. மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கிரிக்கெட்டா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இல்லட்டி. இதுல அடிச்சுட்டு மட்டையப் போட்டுட்டு ஓடணும்."

"அப்ப நல்லாருக்கு. ஓடும்போது கை சும்மா இருக்கும்."

ஹம்னா பெரிய ஆட்டக்காரியாக வரவில்லை. அடித்தால் பந்து பாதி தூரம் போகும். ஆனால் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. மைதானத்துச் சுவரை ஒட்டி ஒரு வாழைத்தோப்பு. பந்து உள்ளே விழுந்தால் தோப்புக்காரர் குலை அடிபட்டுப்போச்சு என்று கத்துவார். சுவரேறிக் குதித்து, அவரிடம் ஏச்சு வாங்கி, பந்தோடு ஒரு சீப்புப் பழமும் வாங்கி வருகிறவள் ஹம்னாதான். ஸ்கோர் நோட்டு எழுதுவதும் அவள்தான். எந்தப் பிள்ளை எந்த ஆட்டத்தில் எத்தனை முறை அவுட் ஆனாள் என்று சித்ரலேகா அவளிடம்தான் கேட்பாள்.

நாலு வருடத்தில் ஐந்து பேர் பதினாறு பேர் ஆனார்கள். பந்து வீச தஸ்மியா கிடைத்தாள். கையைக் காற்றாடிபோலச் சுழற்றிக் கீழிருந்து அவள் வீசுகிற பந்தைப் பார்க்க, ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்துவார்கள். தலைத்துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, காலை ஆறரைக்கே பள்ளிச் சுவரில் வீசிக்கொண்டிருப்பாள். காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. தலைமையாசிரியை சத்தம் போட்டபோது சித்ரலேகா தானே சிமெண்டு குழைத்துப் பூசினாள்.

அந்த வருடம் மாவட்ட இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். எதிரணிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆணிக் காலணி. இவர்களில் பாதிப் பேருக்குக் கேன்வாஸ் ஷூ. ஏழாவது இன்னிங்ஸ், எதிரணியில் அவுட்டாக வேண்டிய கடைசி ஆள். ஒரு ஓட்டம் முன்னால் இருக்கிறார்கள். வலது ஓரத்தில் நின்ற பிள்ளைக்குக் காலில் தசை பிடித்துக்கொள்ள, ஹம்னாவை இறக்கினாள் சித்ரலேகா. அடுத்த பந்து உயரமாக அங்கேயே வந்தது. வெயில் நேர் எதிரே. ஹம்னா இரண்டு எட்டு பின்னால் போனாள், தடுமாறினாள், உட்கார்ந்தேவிட்டாள். பந்து அவள் மடியில் கிடந்த கையுறைக்குள் விழுந்தது.

பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். வேனில் திரும்பும்போது அவள் சித்ரலேகாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், நானும் பி.டி. டீச்சருக்குப் படிக்கலாம்னு இருக்கேன்."

"தாராளமாப் படி. மாநிலத்துக்குப் போயிட்டு வந்துட்டா, அந்தச் சர்டிபிகேட்ட வச்சு ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு வாங்கிரலாம். நான் இருக்கேன்லா?"

கேட்காமலே சொன்ன வார்த்தை அது.

ஒரு வாரம் கழித்துப் பள்ளிச் செயலாளர் சிவகணேஷ் வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சித்ரலேகாவுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, கோப்பையை வெகுவாகப் புகழ்ந்தார்.

"மாநிலப் போட்டிக்கு லிஸ்டு அனுப்பியாச்சா டீச்சர்?"

"நாளைக்கு அனுப்பணும் அண்ணாச்சி. பதினாறு பேரு."

"ஆடுறது எத்தனை பேரு?"

"ஒம்போது."

"அப்ப ஏழு பிள்ளைய சும்மாதான உக்காந்திருக்கும்?" அவர் சிரித்தார். "எந்தம்பி மக அபர்ணா நம்ம பள்ளிக்கூடத்துலதான் ப்ளஸ் டூ படிக்கா. இன்ஜினியரிங்குக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டால பாக்கலாம்னு சொல்லுதான். அவ வந்து ஆடப்போறதில்ல, உங்க ஆட்டத்தையும் கெடுக்கப்போறதில்ல. ஒரு பேருதான டீச்சர்."

சித்ரலேகா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்புறம், அந்த நிரந்தர எடம் காலியாயிட்டுல்லா, உங்க நியமன பைல் மேசையிலதான் கெடக்கு. போன மாசமே பாத்திருக்கணும். இந்த வாரம் கையெழுத்துப் போட்டு அனுப்பிருதேன்" என்றார். இரண்டையும் முடிச்சுப் போட்டு அவர் பேசவேயில்லை. பேசியிருந்தால் கோபப்படவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

வீட்டில் கணவன் பாபநாசத்திடம் சொன்னாள். பதினாலு வருடமாக மாதம் தவறாமல் 'ஆர்டர் வந்துச்சா' என்று கேட்கிறவன். வேண்டாம் என்று அவன் சொல்ல மாட்டானா என்று உள்ளூர ஒரு ஆசை இருந்தது. அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நீ இல்லன்னா இன்னொருத்தி எழுதிக் குடுப்பா. ஒன் எடத்துக்கும் அவளே வந்துருவா" என்றான். அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் மத்தியானம், ஆசிரியர் அறையில் பட்டியலை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினாறில் ஒன்றை அடிக்க வேண்டும். ஆட்டத்தை மட்டும் பார்த்தால் அடிக்க வேண்டிய பெயர் வேறு. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஆனால் அவளுடைய சித்தப்பா கவுன்சிலர். அடுத்தவளின் தாய் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் தலைமையாசிரியையே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். இன்னொருத்தியின் மாமா நிருபர். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. நாலு பெயர் இறங்கிய பிறகுதான், எவள் மோசமாக ஆடுவாள் என்று பார்க்கவில்லை, எந்த வீட்டிலிருந்து சத்தம் வராது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது சித்ரலேகாவுக்கே உறைத்தது. உறைத்தும் விரல் நிற்கவில்லை.

ஹம்னாவின் வாப்பா ஹசன் அலி வளைகுடா நாட்டில், தம்மாமில் வண்டி ஓட்டியவர். சர்க்கரை முற்றி, ஒரு காலை எடுத்து ஊர் திரும்பி மூன்று வருடமாகக் கட்டிலில் இருக்கிறார். உம்மா தையல் மிஷினை விட்டு எழுந்தால் அன்றைக்கு உலை இல்லை. பள்ளிக்கூடப் படியேறி ஒரு கேள்வி கேட்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. ஹம்னாவும் கேட்கிற ஜாதி இல்லை.

படிவத்தில் ஒட்டியிருந்த ஹம்னாவின் போட்டோவை பிளேடால் பையப் பெயர்த்தாள். ஓரம் கொஞ்சம் கிழிந்தது. அந்த இடத்தில், செயலாளர் கொடுத்தனுப்பியிருந்த அபர்ணாவின் போட்டோவை ஒட்டி, பெயரையும் மாற்றி எழுதினாள்.

சாயங்காலம் ஹம்னாவைத் தனியே கூப்பிட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"பிறப்புச் சர்டிபிகேட்ல ஒம் பேருல ஒரு எழுத்து மாறியிருக்காம். ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டேங்காவட்டி."

"மாவட்டத்துக்கும் அதே சர்டிபிகேட்தான டீச்சர் குடுத்தேன்?"

"மாநிலத்துக்கு ரூல் வேற."

ஹம்னா அழவில்லை. அழுதிருந்தால் தோளைத் தட்டி ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"சரி டீச்சர். அந்த போட்டோவ மட்டும் குடுத்துருங்க. காலேஜ் அப்ளிகேஷனுக்கு ஆவும்."

கிழிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடியே சித்ரலேகா அதைக் கொடுத்தாள்.

ஈரோட்டுப் பக்கம் மாநிலப் போட்டி. ரயிலேறிய பிறகுதான் தஸ்மியா எண்ணிப் பார்த்திருக்கிறாள்.

"டீச்சர், நாம பதினஞ்சு பேருதான இருக்கோம். பதினாறாவது யாரு?"

"ஒருத்தி கார்ல வாரா. நீ தூங்கு."

தஸ்மியா தூங்கவில்லை. எதிர்ப் பலகையில் உட்கார்ந்து, விருதுநகர் வரைக்கும் டீச்சரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதல் இரண்டு ஆட்டத்தையும் தஸ்மியாவின் கை ஜெயித்துக் கொடுத்தது. அரையிறுதியில் வலது ஓரத்துக்கு ஒரு பந்து உயரமாக வந்தது. அங்கே நின்ற பிள்ளைக்குப் பழைய தசைப்பிடிப்பு விட்டபாடில்லை. எட்டிப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டாள். அந்த இரண்டு ஓட்டத்தில் ஆட்டம் போனது. தஸ்மியா கையுறையைத் தரையில் அடித்தாள்.

"ஹம்னா இருந்திருந்தா பிடிச்சிருப்பா."

"அவளும் விட்டிருப்பா. அன்னைக்கு ஏதோ தெரியாம மடியில விழுந்துச்சு" என்றாள் சித்ரலேகா.

பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். நாலு வருடத்தில் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியானது அன்றுதான்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை ஜெயித்தார்கள். ஆட்டம் முடிவதற்குச் சற்று முன்னால்தான் அபர்ணா காரில் வந்து இறங்கினாள். மடிப்புக் கலையாத சட்டை, விலைச்சீட்டு தொங்குகிற கையுறை. நல்ல பிள்ளைதான், எல்லாருக்கும் சாக்லேட் கொண்டுவந்திருந்தாள். "நான் எங்கன நிக்கணும் ஆன்ட்டி?" என்று கேட்டாள். போட்டோக்காரர் உயரம் பார்த்து அவளை நடுவில் நிறுத்தினார். பதினைந்து பேர் முகத்திலும் மண்ணும் வியர்வையும். நடுவில் ஒரு முகம் மட்டும் பவுடர் போட்டிருந்தது. அந்தப் படம்தான் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்தது.

பத்தே நாளில் நியமன ஆணை கையில் கிடைத்தது. பாபநாசம் அல்வா வாங்கி வந்தான். தலைமையாசிரியை சால்வை போர்த்தினார். செயலாளர் மேடையில், "டீச்சரோட உழைப்புக்கு இது தாமதமா கிடைச்ச மரியாதை" என்று பேசினார். கீழே மாணவிகள் வரிசையில் ஹம்னாவும் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மட்டும் சித்ரலேகா பார்க்கவில்லை.

அடுத்த ஜூனில் விசில் ஊதியபோது வந்தது மூன்று பேர். தஸ்மியாவை வராந்தாவில் நிறுத்திக் கேட்டாள்.

"டியூஷன் இருக்கு டீச்சர்."

"காலையில ஆறரைக்கு என்னட்டி டியூஷன்?"

"இருக்கு டீச்சர்." கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பொய் என்பதை மறைக்க அவள் சிரமப்படவில்லை.

ஊரில் பேச்சு பரவியிருந்தது. ஆடுகிற பிள்ளைக்குச் சீட்டு கிடையாது, கார் வைத்திருக்கிற பிள்ளைக்குத்தான் என்று தாய்மார்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அந்த வருடம் மாவட்டப் போட்டிக்கு அந்தப் பள்ளியிலிருந்து அணி போகவில்லை. நிர்வாகமும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டிவரும் என்று சித்ரலேகா பயந்திருந்தாள். கேட்காதது அதைவிடக் கேவலமாக இருந்தது.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், பாபநாசத்துக்குச் சட்டை எடுக்க டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனாள். பில் போடும் இடத்தில் நீண்ட வரிசை. தன் முறை வந்து சட்டையை நீட்டும்போதுதான் பார்த்தாள், உள்ளே ஹம்னா. கடைச் சீருடை, கழுத்தில் அட்டை.

"நல்லாருக்கீங்களா டீச்சர்?" ஹம்னாதான் முதலில் பேசினாள்.

"இருக்கேன்ட்டி. நீ... வாப்பா எப்படி இருக்காங்க?"

"வாப்பா மவுத்தாயிட்டாங்க டீச்சர். ஆறு மாசம் ஆச்சு."

"எனக்குத் தெரியாதே."

"யாரும் சொல்லிருக்க மாட்டாங்க." சட்டையின் விலைச்சீட்டைக் கருவியில் காட்டினாள். கருவி கூவியது.

"காலேஜ்ல சேரலையா?"

"போய்க் கேட்டேன். மாவட்டச் சர்டிபிகேட் மட்டும் பத்தாதுன்னுட்டாங்க." கணினியில் எதையோ தட்டினாள். பிறகு அதே குரலில் சொன்னாள்: "பிறப்புச் சர்டிபிகேட்ட ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டினேன் டீச்சர். எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்குன்னாங்க."

பின்னால் நின்றவர், "சீக்கிரம்மா, பஸ்ஸுக்குப் போணும்" என்றார்.

"ஹம்னா, நான் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரேன். உம்மாட்ட நான் பேசுதேன். உம்மாட்ட நானே எல்லாத்தையும்..."

"வேண்டாம் டீச்சர்." பையில் சட்டையை மடித்து வைத்து, பில்லை மேலே வைத்துக் கொடுத்தாள். "உம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சரியா ஆடலை, அதான் எடுக்கலைன்னு சொல்லி வச்சிருக்கேன். வாப்பாட்டயும் அப்படித்தான் சொல்லிருந்தேன்."

அடுத்தவர் தன் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். சித்ரலேகா நகர்ந்து வழிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. தீபாவளியன்று சட்டை பொருத்தமாக இருக்கிறது என்று பாபநாசம் சொன்னான். அவள் ஆமாம் என்றாள்.