மேல்தெருவில் செருப்போடு

தெனாவெட்டு என்ற சொல்லை எங்கள் ஊரில் ஆண்களுக்குத்தான் சொல்வார்கள். பெரியவர்கள் எதிரே பீடி பற்றவைப்பவனை அப்படித் திட்டும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். பெண் என்றால் ராங்கி. அதில் சிரிப்பு இல்லை. எங்கள் தெருக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார்கள்: கொழுப்பு.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். பஸ் ஏற, சாதியில் உயர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களின் மேல்தெருவைத் தாண்ட வேண்டும். அங்கே நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வது வழக்கம். பகலெல்லாம் ஆம்பூர் கம்பெனிகளில் வெளிநாட்டுக்காரர் காலுக்கு ஷூ தைத்துவிட்டு, எங்கள் பெண்கள் தங்கள் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்புவார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலூரில் கல்லூரியில் சேர்ந்த வாரம், நான் கழற்றவில்லை.

"ராங்கியப் பாரு!" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

"படிச்ச கொழுப்பு," என்றார் மளிகைக் கடைக்காரர்.

அன்று மாலையே மேல்தெருக்காரர்கள் அப்பாவைக் கூப்பிட்டு, இனி செருப்போடு வந்தால் அந்த வழியே விடமாட்டோம் என்றார்கள். பாலாற்று மணலில் சுற்றிப் போனால் காலை பஸ் கிடைக்காது. பஸ் இல்லையென்றால் கல்லூரி இல்லை.

"கொஞ்ச தூரந்தானடி, கழட்டினா இன்னா, தேஞ்சா போய்டுவ?" என்றாள் அம்மா.

"தேயறதுக்குத்தாம்மா செருப்பு."

"பாரு இவ வாய!"

அப்பா பாதத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தோல் பதனிடும் இடத்தில், மாட்டுத்தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று வெடித்த பாதம்.

மறுநாள் வெறுங்காலோடு என்கூட வந்தார். மேல்தெரு நடுவில், அவரைவிட மிக இளையவன் ஒருவன் மறித்தான்.

"இன்னாடா, சொல்லியும் பொண்ணு செருப்போட வர்றா?"

அப்பா யோசித்துப் பதில் சொல்பவர் போல நிதானமாகச் சொன்னார்:

"எனக்குச் சுண்ணாம்புப் புண்ணு, செருப்பு ஏறல. அவ காலு நல்லாத்தான இருக்கு. போட்டுக்கிறா."

அவன் குனிந்து அப்பாவின் வெடித்த பாதத்தைப் பார்த்தான். நாங்கள் அவனை விலகிக் கடந்து நடந்தோம்.

"அப்பனுக்கும் இல்ல ஏறிப்போச்சு கொழுப்பு!" என்று பின்னால் ஒரு குரல்.

அதுவரை ஊர் அவரை வாயில்லாப்பூச்சி என்றுதான் சொன்னது.

பஸ் வந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். மேல்தெருவைத் தொடாமல் வீட்டுக்குப் போகும் ஆற்றுப் பாதை பிரியும் இடத்தில் அப்பா கொஞ்சம் நின்றார். பிறகு வந்த வழியிலேயே, மேல்தெருவுக்குள் தனியாக நடந்தார்.