நோஞ்சான் தேவை

நிலாவுக்கும் அப்பால் மனிதர்களை அனுப்பும் கலம் ஒன்றை எங்கள் விண்வெளி ஆய்வு நிலையத்தில் கட்டுகிறார்கள். நானும் அதில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் உறவினர்கள் நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார்கள். கிடங்கில் ஆணியும் திருகும் எடுத்துக் கொடுப்பவன் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

என் உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்று பலமாக அடித்தால் மனைவி என்னை உள்ளே வரச் சொல்வாள். ஜாடி மூடி இறுகிக்கொண்டால் அவள்தான் திறப்பாள். நான் ஜாடியைப் பிடித்துக்கொள்வேன். நிலையத்தில் எனக்குப் பெயர் நோஞ்சான்.

ஒரு நாள் கதவுப் பிரிவின் பொறியாளர் கிடங்குக்கு வந்தார். சின்ன வயசுப் பெண். திருகு எதுவும் கேட்காமல் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"சார், மாசக்கணக்கா எடையில்லாம மிதந்துட்டுத் திரும்பி வர்றவங்களுக்குத் தசையெல்லாம் கரைஞ்சு போயிருக்கும். கலம் கடல்ல வந்து விழும். மீட்புக் கப்பல் வரத் தாமதமானா, அவங்களே உள்ளேருந்து கதவைத் திறக்கணும். அந்தக் கைப்பிடியை இழுத்துப் பார்க்க ஒரு ஆள் வேணும்."

"எப்படிப்பட்ட ஆள்?"

அவர் கூரையைப் பார்த்தார். மரியாதை தெரிந்த பெண்.

மாதிரிக் கலத்தில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து வாரால் கட்டினார்கள். இழுத்தேன். என் முகம் சிவந்ததே தவிர கைப்பிடி அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். குறை தெரிந்துவிட்டதாம். பிடியை மாற்றிவிட்டு மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

வீட்டில் இதைச் சொன்னதும், சாப்பிட வந்திருந்த மச்சினனுக்குச் சிரிப்பில் புரையேறியது. "முடியலைங்கறதுக்கே கைதட்டுனாங்களா மாமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளிலிருந்து கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டு இரும்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்கினேன். உள்ளங்கை காய்த்துப்போனது. ஒரு தடவை ஜாடியை நானே திறந்தேன். மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டாம் சோதனையில் ஒரே இழுப்புதான், கதவு படாரென்று திறந்துகொண்டது. மச்சினன் பக்கத்தில் இல்லையே என்று வருத்தமாக இருந்தது. பிடி சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போடப் பொறியாளர் பேனாவை எடுத்தார்.

அந்தக் கலத்தை ஓட்டிப் போகப்போகும் விமானியும் பார்க்க வந்திருந்தார். நடுவயதுப் பெண்மணி. எனக்குக் கை கொடுத்தவர், கையை விடாமல் திருப்பிப் பார்த்தார்.

"கை காய்ச்சிருக்கே. ஏதாச்சும் பயிற்சி பண்றீங்களா?"

"கொஞ்சம்," என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"நல்லதுதான். ஆனா திரும்பி வரும்போது நான் பழைய உங்களை மாதிரிதான் இருப்பேன்," என்றார், கோபமே இல்லாமல். "அந்தப் பழைய ஆளு திறந்தாத்தான் நான் வெளியே வர முடியும்."

மச்சினனின் சிரிப்புக்காக ஒரு மனுஷியின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன். பொறியாளரின் பேனாவை நானே வாங்கி மூடினேன்.

போன பலவீனம் சும்மா திரும்பி வருமா? நிலைய மருத்துவர் என்னைப் படுக்கையில் போட்டார். கால் பக்கம் உயரம், தலைப் பக்கம் தாழ்வு, எழுந்திருக்கவே கூடாது. இப்படியே கிடந்தால், எடையில்லாமல் மிதப்பவர்களுக்குப் போலவே தசை கரையுமாம். வாரக்கணக்கில் அதுதான் என் வேலை.

"வீட்டுல பண்றதைத்தானே இங்கயும் பண்றீங்க," என்றாள் பார்க்க வந்த மனைவி. போகும்போது என் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உடம்பு வற்றியதும் அதே இரண்டாவது பிடியை இழுக்கச் சொன்னார்கள். அது அசையவே இல்லை. பொறியாளரின் முகம் வெளுத்துவிட்டது. இன்னொரு பிடி செய்தார்கள், இன்னும் நீளமாக. அது தயாராகும்வரை நான் படுத்தே கிடந்தேன்.

மூன்றாம் முறை என்னைத் தூக்கிப் போய்த்தான் இருக்கையில் கிடத்தினார்கள். மிச்சமிருந்த கொஞ்சநஞ்சத்தையும் திரட்டி இழுத்தேன். கதவு முனகிக்கொண்டே மெதுவாகத் திறந்தது.

வெளியே விமானி நின்றிருந்தார். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. அவர் குனிந்து என் கையை விரித்துப் பார்த்தார். காய்ப்பெல்லாம் உரிந்து, கை மெத்தென்று இருந்தது.

"சரி," என்றார். "இப்ப நான் போகலாம்."