நடை சாத்திய வெள்ளிக்கிழமை

போன ஐப்பசி மழையில் போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து, ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகளெல்லாம் போடியிலேயே நின்றுவிட்ட வாரம் அது. வேலைக்குப் போக வழியில்லாததால்தான் ஏலக்காய் பறிக்கிற அந்த அம்மாவால் பட்டப்பகலில் என் வீட்டு வாசலுக்கு வர முடிந்தது.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். செத்தவனுக்கு வாரிசுச் சான்று, இருப்பவனுக்கு உயிரோடு இருப்பதாகச் சான்று, எது எந்த மேசையில் எப்படி நகரும் என்பது எனக்கு அத்துப்படி. ஊரில் எனக்கு மிச்சமிருக்கிற மரியாதையும் அதனால்தான்.

அந்த அம்மா ராசிங்காபுரத்துக்காரர். காய் பறித்துப் படிக்கவைத்த ஒரே மகன் ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் ஓட்டல் வேலையில் இருந்தான். வாடகை அறையில் தனியாக இருந்தவனுக்கு மாரடைப்பு. நாற்றம் வந்த பிறகுதான் பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

"எம்புள்ளய வெரசாக் கொண்டாந்துருங்கண்ணே" என்றார். அழவில்லை.

தூதரகத்துக்கு முறைப்படி எழுதினேன். பதிலும் முறைப்படி வந்தது. உடல் விமானத்தில் அனுப்பும் நிலையில் இல்லை. தாய் சம்மதித்தால் அங்கேயே எரிக்கலாம். இல்லையென்றால் உரிமை கோராத பிணமாக நகராட்சி புதைத்துவிடும். சம்மதக் கடிதத்தை நானே தயாரித்து நீட்டினேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"அங்கன கோயிலு இருக்குன்னு சொல்லுவான். நடை சாத்துனாகளாண்ணே?"

எங்கள் பக்கத்தில் தெருவில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கிறவரை கோயில் நடை திறக்க மாட்டார்கள். நான் விதியைச் சொன்னேன். "உடம்பு கெடக்குற ஆஸ்பத்திரி எங்கயோ, கோயில் எங்கயோ. அம்புட்டுத் தூரத்துக்குச் சாத்தணும்னு எந்தச் சாத்திரமும் இல்லம்மா."

"சாத்தலைன்னா எம்புள்ள எந்தத் தெருக்காரன்? அநாதையா எரிக்கிறதுக்கா நான் கையெழுத்துப் போடணும்?"

அந்தக் கோயிலின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எடுத்தவர் இலங்கைத் தமிழர். அகதிகளாக வந்தவர்கள் சேர்ந்து, டயர் அடுக்கிவைக்கிற கிடங்கொன்றை வாங்கிக் கோயிலாக்கினார்களாம். செய்தியைச் சொல்லி, பையனைத் தெரியுமா என்று கேட்டேன்.

"வெள்ளியில வந்து சாப்பிட்டிட்டு, சொல்லாமலே பாத்திரம் கழுவிப்போட்டுப் போற பொடியன். வராட்டி வேலையாக்கும் எண்டு இருந்திட்டம், ஐயா" என்றார். அந்த அம்மா கேட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். எரிக்க நேரம் கிடைக்கக்கூடியதும் வெள்ளிக்கிழமைதான், அவர்களுக்குக் கூட்டம் அலைமோதுகிற நாள்.

"இதில யோசிக்க என்ன இருக்கு? பூட்டுவம்" என்றார்.

அதைக் கேட்ட பிறகே அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை என் கைப்பேசியில் வீடியோ அழைப்பு வந்தது. பெட்டியை மூடி முத்திரை வைத்துவிட்டதால் மகன் முகத்தைக் காட்ட முடியாது. அதற்குப் பதிலாகக் கோயில்காரர் காட்டியது, இழுத்து மூடிய ஒரு தகர ஷட்டர். அதன் முன்னே, குளிரில் அர்ச்சனைத் தட்டுகளோடு ஒரு கூட்டம் காத்து நின்றது.

"பாருங்கோ அம்மா. உங்கட பிள்ளையின்ர காரியம் முடியுமட்டும் திறக்கமாட்டம்."

அந்த அம்மா ஷட்டரைத் தடவப் போக, கை பட்டு அழைப்பு அறுந்துவிட்டது. அப்போதுதான் வாய்விட்டு அழுதார். தெருவே திரும்பிப் பார்த்தது. காரியம் முடிந்தது என்று தகவல் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெறந்துக்கிறச் சொல்லுங்கண்ணே. புள்ளகுட்டியோட குளுருல நிக்கிறாக" என்றார்.

என் மகனும் வெளிநாட்டில்தான் இருக்கிறான். முன்பெல்லாம் விசா, வரி, காப்பீடு என்று கேட்டு அவனைக் குடைவேன். இப்போது அங்கே கோயில் இருக்கிறதா, வாராவாரம் போகிறாயா, போய்ப் பாத்திரமாவது கழுவுகிறாயா என்றுதான் கேட்கிறேன். வயதான காலத்தில் அப்பாவுக்குப் பக்தி முற்றிவிட்டதென்று அவன் நினைக்கிறான். எனக்கு வேண்டியதெல்லாம், அவன் வராத ஒரு வெள்ளிக்கிழமை யாராவது அவனைத் தேடிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்பதுதான்.