அம்மா நிரப்ப வேண்டிய படிவம்

1. எனக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று அறிய, இருபத்தெட்டாவது வயதில் ஒரு மருத்துவரிடம் போனேன்.
2. அவர் இரண்டு படிவங்கள் தந்தார். ஒன்று எனக்கு, மற்றது என்னை வளர்த்தவருக்கு.
3. இரண்டையும் நானே நிரப்பினேன்.
4. இரண்டாவதில் அம்மாவின் கையெழுத்தையும் நானே போட்டேன்.
5. இவற்றை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், ஒரு சிப் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். அளக்காமல் யாராவது எண்களை எழுதிக் கொண்டுவந்தால் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் செய்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மை வேறு. அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர். மெதுவாகப் பேச வராது. அந்த அமைதியான அறையில் அவர் வந்து உட்கார்ந்து பேசுவதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஐந்து வயதுக்கு முந்தையது உங்களுக்கு நினைவிருக்காது, அதற்காகத்தான் இந்தப் படிவம் என்றார் மருத்துவர். அந்தப் பக்கம் முழுக்க நான் 'சாதாரணம்' என்று எழுதியிருந்தேன். சிறுவயதில் அடிக்கடி காது வலி என்பது மட்டும் கூடுதல். அம்மா சொல்லித்தான் எழுதினேன் என்றேன். அப்படியானால் அவரையே அழைத்து வாருங்கள், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்றார். அவரும் தமிழ்ப் பெண்தான்.

அடுத்த சனிக்கிழமை அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்தார். மருத்துவர் படிவத்தைப் பார்த்து, காது வலிக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் சொன்னார்.

"காது வலியெல்லாம் இல்ல டாக்டர். அது நான் சொன்ன பொய். பூசையில மணி அடிச்சா இவ காதப் பொத்திக்கிட்டுத் தரையில படுத்துருவா. எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. காது வலின்னு சொல்லித் தூக்கிட்டு வெளிய ஓடிருவேன். வேற என்ன சொல்றது?"

அந்தப் பொய்யைத்தான் இத்தனை வருடங்களாக என் நோய் என்று நம்பியிருந்தேன்.

அதன் பிறகு அம்மா நிறுத்தவில்லை. நாலு வயது வரை நான் அவரை அம்மா என்று கூப்பிட்டதில்லையாம். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கமாட்டேனாம். அவர் கையைப் பிடித்துக் குவளையின் மேல் வைப்பேனாம். மருத்துவர் எழுதிக்கொண்டே இருந்தார். அம்மாவின் குரல் வெளியே வரவேற்பறை வரை கேட்டிருக்கும். இந்த முறை அது எனக்கு உறுத்தவில்லை. எனக்கு வேறொரு பயம் வந்திருந்தது.

பயந்தபடியே, இதையெல்லாம் முன்பே எழுதியிருக்கலாமே என்று மருத்துவர் படிவத்தை அம்மா பக்கம் திருப்பினார். அம்மா அடியில் இருந்த கையெழுத்தை விரலால் தொட்டார்.

"என் கையெழுத்து இவ்ளோ அழகா இருக்காது லா."

மருத்துவர் சிரித்தார். அம்மாவும் நானும் சிரிக்கவில்லை. நான்தான் போட்டேன் என்று மருத்துவரிடம் சொன்னேன். அம்மா கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அம்மா சொன்னதைக் கேட்டு மருத்துவர் புதிய படிவம் ஒன்றை நிரப்பினார். எனக்கு ஆட்டிசம் என்று உறுதியாகிவிட்டது. அறிக்கையின் முதல் பக்கம் முழுவதும் அம்மா சொன்னவை. ஏன் அப்படிச் செய்தாய் என்று அம்மா இதுவரை கேட்கவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.