எலியாக்கிமுவின் டோர் பேடும் எதிர்க்கடை மச்சானும்

எலியாக்கிமு வார்த்த டோர் பேடை ஒருமுறை யானை மிதித்துவிட்டது. யானைக்குத்தான் காலில் சுளுக்கு. இந்த அருஷா ஊரில் ஜீப் ஓட்டுகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சரி, சரி. மிதித்தது யானை இல்லை, கழுதை. அதுவும் மிதிக்கவில்லை, உரசிக்கொண்டு போனது. இந்தக் கடைவாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கும் அனாயேலி அதற்குள் தொண்டையைச் செருமிவிட்டாள். எலியாக்கிமுவின் மனைவி அவள்; என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். இனிமேல் கொஞ்சம் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

வயதான சஃபாரி ஜீப்புக்கு எஞ்சின் சாகாது. வெளித்தகரமும் ஒட்டுப்போட்டு ஓடும். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்தான் வெயிலில் அப்பளமாக நொறுங்கும். அதிலும் கதவின் உள்பக்கத்தை மூடுகிற டோர் பேட் முதலில் போகும். புதிதாக வாங்கலாமென்றால், செய்தவர்கள் செய்வதை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

அங்கேதான் எலியாக்கிமுவின் பிழைப்பு. நொறுங்கிய பேடைத் துண்டு துண்டாக ஒட்டி, அதற்குள் பிளாஸ்டரை ஊற்றி அச்சு எடுப்பான். பிளாஸ்டிக் தகட்டைச் சட்டத்தில் மாட்டிக் கரியடுப்பின் மேல் பிடிப்பான். அது ஈரப் போர்வைபோலத் தொய்ந்ததும் அச்சின் மேல் கவிழ்த்து, ஏதோ ஓட்டலில் கழித்துப்போட்ட வாக்குவம் கிளீனரை அடியிலிருந்து முடுக்குவான். காற்றை உறிஞ்ச உறிஞ்சத் தகடு அச்சைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆறினால் டோர் பேட்.

அச்சின் விளிம்பை வேண்டுமென்றே கொஞ்சம் பெருக்கி வைப்பான். கதவுக்கும் பேடுக்கும் நடுவே எறும்பு நுழையக் கூடாது என்பது அவன் கர்வம். நுழையவும் நுழையாது. ஆனால் அலையலையான மண்ரோட்டில் வண்டி போகும்போது, இறுகிய பிளாஸ்டிக் தகரத்தில் உரசி, வாலை மிதித்த பூனை மாதிரிக் கத்தும். டிரைவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். வேறு ஆள் இல்லையே.

வேறு ஆள் வந்தான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலேயே வந்தான். செஃபானியா, அனாயேலியின் கூடப் பிறந்த தம்பி. நேற்றுவரை வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு சிங்கம் காட்டித் திரிந்தவன், திடீரென்று கரியடுப்பும் சட்டமுமாகக் கடை போட்டான். அவன் பேட் கத்தவில்லை. அது போதாதா? ஜீப்புகள் எல்லாம் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றன.

எலியாக்கிமு தன் அடுப்பை வாசலுக்கு நகர்த்தினான். புகை வெளியே போகட்டும் என்றுதான் சொன்னான். அங்கிருந்து பார்த்தால் எதிர்க்கடையில் யார் வருகிறார்கள், யார் சிரிக்கிறார்கள், யாருக்கு டீ வாங்கிக் கொடுக்கப்படுகிறது என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்ததில் இரண்டு தகடுகள் கருகின.

"எதிர்க்கடைக்குக் கஞ்சி எந்தத் தூக்குல குடுத்தனுப்புன?" என்றான் ஒருநாள். எலும்பு போட்ட வாழைக்காய்க் கஞ்சி. அவனுக்கு உயிர்.

"பச்சைத் தூக்குல. ஏன்?" என்றாள் அனாயேலி.

"பச்சை பெருசு."

"அது மூடிதாங்க பெருசு. ஆறிப்போவுது, குடிங்க."

"அவன் பேடு சத்தமே போடாதாமே?"

"நானும் காதை வச்சுக் கேட்டேன். ஒண்ணும் கேக்கல."

அந்தக் கஞ்சி அவனுக்கு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் ஐகாண்டே தன் ஜீப்பை இரண்டு கடைக்கும் நடுரோட்டில் நிறுத்தினாள். சுற்றுலாவுக்கு ஜீப் விடுகிறவள். வண்டி எல்லாமே கிழடு, அவளும் ஒன்றும் குமரி இல்லை. மழைக்கு முன்னால் எல்லா வண்டிக்கும் டோர் பேட் மாற்றப் போகிறாள். அந்த வேலை யாருக்குக் கிடைக்கிறதோ அவன்தான் இனி அருஷாவில் மேஸ்திரி. மற்றவன் பிளாஸ்டிக் வாளிக்கு ஒட்டுப்போட வேண்டியதுதான்.

"பின் கதவுல இடது பக்கம் எலியாக்கிமு, வலது பக்கம் செஃபானியா. மாட்டிக் குடுங்க. நாட்ரான் ஏரிக்கு நானே ஓட்டிட்டுப் போய்த் திரும்பறேன். எந்தக் கதவு வாயைத் திறக்குதோ அது தோத்துது," என்றாள்.

எலியாக்கிமு நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போனான். அங்கே குப்புறக் கவிழ்ந்து நொறுங்கிய ஜீப் ஒன்றில் செஃபானியாவின் பேட் முழுசாகக் கிடந்தது. கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டுவந்து, கதவைச் சாத்தி, கைப்பிடிக் கட்டையின் திருகை எடுத்தான். கட்டை இருந்த இடத்தில் சின்னதாக ஒரு முண்டு.

"அனா! இங்க வா. இது என்ன?"

அவள் விரலால் தடவினாள். "மொச்சைக் கொட்டை மாதிரி இருக்கு."

"யாரு வீட்டு மொச்சை?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் அச்சில் பிளாஸ்டர் காயும் முன் அவள் முறத்திலிருந்து துள்ளி விழுந்த கொட்டை அது. கைப்பிடிக்கு அடியில் மறைந்துவிடும் என்று அவன் அப்படியே விட்டுவிட்டான். அவன் வார்த்த எல்லாப் பேடிலும் அந்த மொச்சை உண்டு.

"என் பேட்லயே அச்செடுத்திருக்கான்! உன் தம்பி திருடன்!"

"சரி. நீங்க இந்தப் பேடை எதுக்குச் சாக்குல சுத்திக் கொண்டாந்தீங்க?"

எலியாக்கிமு தன் பேட் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தான். செஃபானியாவுடையது சுற்றிலும் நகக்கண் அளவுக்குச் சின்னது. அப்போதுதான் புரிந்தது. சூடான தகடு ஆறும்போது சுருங்கும். பேடிலிருந்து அச்செடுத்து வார்த்தால் அடுத்த பேட் கொஞ்சம் குட்டை. அந்தக் குட்டையால்தான் தகரத்தில் உரசவில்லை; உரசாததால்தான் சத்தமில்லை. செஃபானியா மூளையைச் செலவழிக்கவே இல்லை. இத்தனை மாதமும் எலியாக்கிமு தன் பேடைப் பார்த்தே வயிறெரிந்திருக்கிறான்!

அது தெரிந்தால் எரிச்சல் அடங்க வேண்டுமே? கூடியது. திருடுகிறவனுக்கு இவ்வளவு அதிர்ஷ்டமா? உடனே ஒரு கணக்கும் போட்டான்: ஒருமுறை சுருங்கினாலே இவ்வளவு அமைதி என்றால், இன்னொருமுறை சுருக்கினால் கோயில் மாதிரி இருக்காதா? செஃபானியாவின் பேடிலேயே பிளாஸ்டரை ஊற்றினான். வார்த்த பேடின் துளைகள் கதவின் கிளிப்புகளோடு சேரவில்லை. திருப்புளியைக் காய்ச்சித் துளைகளைப் பெரிதாக்கிக்கொண்டான்.

போட்டியன்று ஐகாண்டே இருவரையும் பின்சீட்டில் ஏற்றினாள். அவனவன் எதிராளியின் கதவோரம். தார் ரோடு முடிந்ததுமே இடது கதவு ஆரம்பித்துவிட்டது. தட்டு கழுவுகிற சத்தம் என்பதா, தகர டப்பாவில் கூழாங்கல் என்பதா? துளை பெரிதாகித் தளர்ந்த பேட் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கதவைச் செல்லமாக அறைந்தது. வலது கதவோரம் காதை வைத்திருந்த எலியாக்கிமுவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவன் காதைக் குடைந்தது.

ஏரி வருவதற்குள் ஐகாண்டே வண்டியை நிறுத்தினாள். "மேஸ்திரி, உங்க கதவு என்னை விட அதிகமாப் பேசுது."

எலியாக்கிமு குதித்து இறங்கினான். "திருப்புளியை எடு அக்கா! வலது பக்கக் கைப்பிடியைக் கழட்டு. அடியில என் மொச்சை இருக்கும். இவன் என் கதவைத் திருடினவன்!"

அவள் கழற்றினாள். மொச்சை இருந்தது. இவளா விடுவாள், இடது பக்கத்தையும் கழற்றினாள். அங்கேயும் மொச்சை, கொஞ்சம் இளைத்திருந்தது.

"இது இன்னும் குட்டியா இருக்கே, மச்சான்," என்றான் செஃபானியா தலையைச் சொறிந்துகொண்டே. "நான் உங்க பேட்லதான் வார்த்தேன், மறைக்கல. ஆனா நீங்க எதுல வார்த்தீங்க?"

எலியாக்கிமு இடது பக்கக் கைப்பிடியை அவசரமாக எடுத்து மொச்சையை மூடினான்.

"மொச்சை யாரோடதா இருந்தா எனக்கென்ன?" என்றாள் ஐகாண்டே. "என் வண்டியில வர்றவங்க சிங்கம் உறுமறதைக் கேக்க வர்றாங்க. கதவு உறுமறதை இல்ல. வேலை செஃபானியாவுக்கு. ஏறுங்க ரெண்டு பேரும்."

ஆனால் பாதி வண்டிகள் முடிவதற்குள் செஃபானியாவின் அச்சு சூட்டில் இரண்டாகப் பிளந்தது. தன் பேடிலேயே திரும்ப அச்செடுத்தால் இளைத்த மொச்சையின் கதைதான் என்பது இப்போது அவனுக்கும் தெரியும். சரியான அளவு வேண்டுமென்றால் எலியாக்கிமுவின் முழுப் பேட் ஒன்று வேண்டும். ஒரு மத்தியானம் ரோட்டைத் தாண்டி வந்து, இந்த வாசலில் கை கட்டி நின்றான். "வரிசையில நில்லு," என்றான் எலியாக்கிமு. வரிசையில் ஓர் ஆட்டைத் தவிர யாரும் இல்லை. ஆடு நகரும்வரை மச்சானை வெயிலில் நிறுத்திவிட்டுத்தான் பேடைக் கொடுத்தான். அன்றைக்குத்தான் கஞ்சி தொண்டையில் இறங்கியது.

அனாயேலி முறத்தைக் கீழே வைக்கிறாள்.

"ஏன் பெரியம்மா இப்படி எழுதுறீங்க? தம்பி இங்க வரவே இல்ல. அச்சு பொளந்துடுச்சுன்னு யாரோ சொன்னாங்க. கேட்டதும் இவரேதான் பேடைத் தோள்ல தூக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாரு. அங்க வரிசையில மூணு பேரு நின்னாங்க. தம்பி நிமிந்து பாக்கறவரைக்கும் இவரு அவங்களுக்குப் பின்னால நின்னாரு. ஆடு நின்னது மட்டும் நெசம்."