நான் சான்று கொடுத்த சைலன்சர்

2010-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் சம்பந்தி வீட்டில் என் மகளுக்கு வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக அவளைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த நாள். அன்று வழியில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் மாப்பிள்ளையின் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாப்பிள்ளை தங்கமானவர். ஒரே குறை, அவர் எங்கே போகிறார் என்பது ஊருக்கே கேட்கும். பழைய சிவப்பு கார் ஒன்றை வாங்கிய கையோடு வெளியூரில் ஒரு கடைக்கு ஓட்டிப் போய், அதோடு வந்த சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேர்குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பந்தயக் கார் மாதிரி உறும வேண்டுமாம். உறுமத்தான் செய்தது. ரயில் ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போதே எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிடும். என் மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலை வைப்பாள்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பல ஊர்களில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். வாகனத்தை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்னும் 52-ஆம் பிரிவையும், சைலன்சருக்கான 120-ஆம் விதியையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் அந்தக் கார் வந்து நிற்கும்போது எனக்கு எப்படி இருக்கும்?

ஆனால் மாப்பிள்ளையை நேருக்கு நேர் கண்டிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. பெண்ணைக் கொடுத்தவன் வாய் திறப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் போனேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வயிற்றில் இருக்கும் ஏழு மாதக் குழந்தைக்கு இந்த இரைச்சல் ஆகாது. வளைகாப்பு நாளுக்குள் வாகனம் சத்தமற்ற நிலைக்குக் கொண்டுவரப்பட வேண்டும். தவறினால் என் மகள் வாடகை வண்டியில் அழைத்துச் செல்லப்படுவாள்.

மறுநாளே மகளிடமிருந்து போன். "ஏம்ப்பா, ரிஜிஸ்டர் தபாலப் பாத்து எங்க அத்தை கோர்ட்டு நோட்டீசுன்னு அழ ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு போன் போட்டு சொல்லக்கூடாதா நீ?"

மாப்பிள்ளை மறுபேச்சுப் பேசவில்லை. பழைய சைலன்சரை அந்தக் கடைக்காரர் எப்போதோ காயலான் கடைக்குப் போட்டிருந்தார். புதிதாகச் சொல்லி வரவழைக்க மூன்று வாரம் ஆகும். என் கெடுவோ எட்டு நாள். வேறு வழியில்லாமல் ஒரு வெல்டிங் பட்டறையில், வேறு வண்டிகளின் இரண்டு சைலன்சர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்து மாட்டிக்கொண்டார்.

வளைகாப்பு அன்று காலையில் சிதம்பரத்தில் நான் போய் இறங்கியதும் காரை ஸ்டார்ட் செய்தார். "மாமா, வந்து கேளுங்க" என்றார். பின்னால் கைகட்டி நின்று கேட்டேன். தையல் மிஷின் மாதிரி ஓடியது. ஒரு சுற்று சுற்றி வந்து, "ரொம்பத் திருப்தி மாப்ள" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கோப்பில் கையெழுத்துப் போட்ட நிம்மதி எனக்கு. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் நான் ஒரு வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்ததில்லை. அது ஆய்வாளரின் வேலை, என் வேலை காகிதம். அன்றும் குனியவில்லை. வேட்டி புதிது, தரை ஈரம்.

விருந்து ஐந்து வகைச் சோறு, வடை, பாயசம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு என்பதால் மனைவி எங்களை நான்கு மணிக்கே கிளப்பிவிட்டாள். "வழியில எங்கயும் நிறுத்தப்படாது, புள்ளத்தாச்சி கூட இருக்கா" என்று மாப்பிள்ளைக்கு உத்தரவும் போட்டாள். அவர் ஓட்ட, நான் முன்னால். பின்னால் மனைவியும் மகளும். நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டார்.

ஊரைத் தாண்டியதும் சவுக்குக் கழி ஏற்றிய லாரி ஒன்றை முந்தினோம். கழிகள் பின்னால் நான்கடி நீட்டிக்கொண்டிருந்தன. சிவப்புத் துணி கட்டவில்லை, ஒரு விளக்கும் எரியவில்லை. அதற்கு என்னென்ன குற்றங்கள் எழுதலாம் என்று மாப்பிள்ளைக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். அவர் கொட்டாவி விட்டார். என் பேச்சுக்கு அது வழக்கமான பதில்தான் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

சற்று நேரத்தில் மகள் தலை வலிக்கிறது என்றாள். விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தால் வலிக்காதா என்றாள் மனைவி. வாந்தி வருகிற மாதிரியும் இருக்கிறது என்றாள் மகள். ஏழாம் மாதத்தில் வராமல் என்ன? எனக்கும் நெற்றிப்பொட்டில் தெறித்தது. நாதஸ்வரத்துக்கு மிக அருகில் உட்கார்ந்ததால் என்று முடிவு செய்தேன். மனைவி தூங்கினாள், புளிச்சோற்றின் மேல் பழி. மகளும் பேச்சை நிறுத்தினாள்; பாவம், களைப்பு. ஜன்னலை இறக்கலாமா என்று மாப்பிள்ளை ஒருமுறை கேட்டார். மழைச்சாரல் மகள் மேல் படும், வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்டு ரயில் விட்ட புதிது. இன்ஜினை நிறுத்தாமல் காத்திருந்தோம். ஏசி வேண்டுமே. ரயில் போனது தெரிந்தது. கேட் திறந்ததும் தெரிந்தது. முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்தன. நாங்கள் நகரவில்லை. மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. அது எங்கோ அடுத்த ஊரில் கேட்பது போல் இருந்தது. ஏர் ஹாரன், விதி 119 என்று மனது சொன்னது. போகச் சொல்லலாம் என்று கையைத் தூக்கப் பார்த்தேன். கை தொடையிலிருந்து எழவில்லை. வினோதம் என்னவென்றால், எனக்குப் பயமே வரவில்லை. மிகவும் சுகமாக இருந்தது.

என் பக்கக் கதவு திறந்தது. கைலி கட்டிய ஆள், நனைந்துகொண்டு. "யோவ், கேட்டு தெறந்து எம்மா நேரமாச்சி, வூட்ல போயி தூங்குறதுதான?" என்று கத்த ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். மூக்கைச் சுருக்கினார். என்னைத் தாண்டிக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். நான் அவரைக் கொள்ளைக்காரன் என்று நினைத்து, "யார் நீ? உன் டிரைவர் பேட்ஜ் எங்கே?" என்று கேட்டதாக மாப்பிள்ளை பிற்பாடு சொன்னார். எனக்கு ஞாபகமில்லை. இருக்கும்.

"பேட்ஜ் அப்பறம் காட்டுறேன், எறங்கு சார்!" என்று என் அக்குளில் கைகொடுத்து இழுத்துச் சாலையோரம் போட்டார். அடுத்து பின்கதவைத் திறந்து என் மகளைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் கழுத்து அவர் தோளில் தொங்கியது. கைநிறைய வளையல்கள், ஓர் அசைவில்லை. மழை முகத்தில் விழுந்து எனக்குப் புத்தி வந்தது. அந்த நிமிடத்தில்தான் பயமும் வந்தது. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து வந்தது.

லாரிக்காரர் தார்ப்பாயை விரித்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மனைவி தட்டுத்தடுமாறி இறங்கி வந்து மகள் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். நான் 108-க்குப் போன் செய்தேன். எண்களை அழுத்தவே மூன்று முறை ஆயிற்று. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று தெரிந்த நேரத்தில் மகள் முனகினாள், வாந்தி எடுத்தாள். அதைவிட நல்ல காட்சி ஒன்றை நான் பார்த்ததில்லை.

லாரிக்காரர் சேற்றில் படுத்துக் காரின் அடியைப் பார்த்தார். "பின்னாடி நிக்கசொல்லவே பாத்தேன். பொகை வால்குழாயில வராம நடுவால வந்துச்சி. ரெண்டு சைலன்சர ஒட்டவெச்சி மூச்ச அடைச்சிருக்கான். பத்தவெச்ச எடம் வாயப் பொளந்து கெடக்குது. டிக்கில ஸ்பீக்கர் ஒயருக்கு ஓட்டை வேற. அத்தினி பொகையும் உள்ளதான் போயிருக்கு." எழுந்து கைலியை உதறினார். "எந்தப் புண்ணியவான் சார் இத செய்யச் சொன்னது?"

மாப்பிள்ளை எப்படியோ தானே இறங்கி வந்து சாலையோரம் குந்தியிருந்தார். தலையைத் தூக்காமல், "நான்தாங்க" என்றார்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கோப்பு அங்கேயே முடிந்திருக்கும். "அவர் இல்லைங்க. நான்தான்" என்றேன்.

"யாரோ ஒருத்தரு. மொதல்ல பொண்ணப் பாருங்க" என்றார் லாரிக்காரர்.

ஆம்புலன்ஸ் வரும்வரை, பின்னால் நின்றவர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, லாரியை ஓரங்கட்டிவிட்டு எங்களோடு நனைந்தார். பிறகு போய்விட்டார். வண்டி எண்களோடு முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவன் அவர் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. தார்ப்பாயையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கடலூரில் மருத்துவமனையில் மகளுக்கு முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். எங்கள் மூவருக்கும் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். தாய் தேறிவிடுவாள், நச்சுப்புகை குழந்தையின் ரத்தத்தைவிட்டுப் போக அதிக நேரமாகும், இதயத் துடிப்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. என்னையும் மாப்பிள்ளையையும் வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. எங்களைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, திரைக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள்.

சின்ன ஸ்பீக்கர் வைத்த கருவி. முதலில் வெறும் இரைச்சல். டாக்டரம்மா கருவியை இடம் மாற்றினார். மறுபடியும் இரைச்சல். இன்னும் சற்று இடம் மாற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் அதற்கு முன் கைகுலுக்கல்கூட நடந்ததில்லை.

வந்தது. குதிரை ஓடுகிற மாதிரி, தடதடவென்று, நிற்காமல்.

"நல்லா இருக்குங்க" என்றார் டாக்டரம்மா.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்கம்மா" என்றேன் நான்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து, முகமூடிக்குள்ளிருந்தே என் மகள் சிரித்தது கேட்டது. மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார். தை மாதம் பேரன் பிறந்தான். அதுவரையும் அதற்குப் பின்னும் டாக்டர்கள் எத்தனையோ முறை பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. காருக்கு அதற்கென்றே செய்த சைலன்சரை வரவழைத்து மாட்டினார் மாப்பிள்ளை. அன்று நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் படுத்து, கடைசி போல்ட்டு வரை பார்த்தேன்.

அந்தக் காருக்குள் எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை, ஏனென்றால் தலைவலிக்கும் வாந்திக்கும் தூக்கத்துக்கும் ஆளுக்கொரு சரியான காரணம் கைவசம் இருந்தது. இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் தயாராக இருப்பதாகத் தோன்றினால், நான் முதலில் எழுந்து போய் ஒரு ஜன்னலைத் திறந்து விடுகிறேன்.